கிரேக்கத் தீவில் ஒரு 'ட்ச்'

1

எங்களுக்குக் கலியாணமாகி முப்பது வருடம் ஆகப்போகிறது என்பதை நானும் இவரும் ஒருமிக்க மறந்திருந்தோம். மகள் அபிராமி மறக்கவில்லை. லண்டனிலிருந்து ஃபோன் எடுத்து, "கிரீஸில ஒரு சின்னத் தீவு பார்த்திருக்கிறன், டிக்கெட் ஈமெயில்ல வரும், பாதி வழியில சந்திப்பம்" என்றாள். லண்டனிலிருந்து கிரீஸ் ஒரு நித்திரைத் தூரம். ஆக்லண்டிலிருந்து ஒரு பகல், ஒரு இரவு, பிறகும் கொஞ்சம். பாதி வழி என்று மகள் எதைச் சொல்கிறாள் என்று இவர் உலகப்படத்தை விரித்துவைத்துப் பார்த்துவிட்டு மடித்துவைத்தார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மகள் எங்களோடு இங்கிலீஷில்தான் கதைப்பாள். இந்தக் குறிப்புகளில் அவள் சொல்வதாக வருகிற தமிழ் என்னுடையது. அவளுடைய தமிழ் இவ்வளவு சீராக இராது.

நாங்கள் இருப்பது ஆக்லண்டில், லின்ஃபீல்ட் பக்கம். இவருக்கு மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை. எனக்கு ஒரு பல் டொக்டரிடம் வரவேற்பு மேசை. பக்கத்து வீட்டு மலேசியாக்காரி மேகலாவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்து, செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொன்னபோது, "கிரீஸா? பீச்சா? செகண்ட் ஹனிமூன்லா!" என்று கையைத் தட்டினாள். இவர் வெட்கப்பட்டு கராஜுக்குள் போய்விட்டார். வெட்கம் வந்தாலும் கோபம் வந்தாலும் இவர் போகிற இடம் அதுதான்.

எனக்கு ஹனிமூன் ஒன்றும் நினைவில் இல்லை. எனக்கு இருந்தது ஒரே யோசனை. மகளை நேரே உட்காரவைத்துக் கேட்கவேண்டும்: கலியாணம் கட்டக் கேட்ட பொடியன் ஏன் திரும்பி வரவில்லை?

2

பொடியனின் பெயர் ஜோஷ். கிளென்ஃபீல்டில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளை. மகளோடு யூனிவர்சிட்டியில் படித்தவன். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வருவான், கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாந்தரம் கேட்டு வாங்குவான். இதற்குமேல் ஒரு பிள்ளையிடம் என்ன எதிர்பார்ப்பது? இவர் முதல் வருடம் அவனோடு கதைக்கவில்லை. இரண்டாம் வருடம் புல்லு வெட்டும் மெஷினைப் பற்றி மட்டும் கதைத்தார். அது முன்னேற்றம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை அவன் தனியாக வந்தான், அயர்ன் பண்ணின சேர்ட்டோடு. நேரே கராஜுக்குள் போனான். உள்ளே இவர் மெஷினைக் கவிழ்த்துப்போட்டு, கழற்றின திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு கத்தி மாற்றிக்கொண்டிருந்தார். நான் அவசரமாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவருவதற்குள் பொடியன் வெளியே வந்து, என்னைப் பார்க்காமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"என்னவாம்?" என்றேன் இவரிடம்.

"அபியைக் கட்டக் கேட்டவன்."

"ஐயோ! நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எனக்கு ஆட்சேபணை ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"பிறகேன் ஓடுறான்?"

"வெக்கமாக்கும். எங்கட கலியாணப் பேச்சுக்கு நானும் ஓடினனான்தானே."

அது உண்மைதான். நான் அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கு ஃபோன் எடுத்து, கூறைச்சேலைக்கு நல்ல கடை பார்க்கச் சொல்லிவிட்டேன். அடுத்த சனி வந்தது, பொடியன் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. மகள் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடியமுன் இரண்டு பேரும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். நியூசிலாந்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு வழக்கம். லண்டனில் சில வருடம் வேலை செய்வது. வெளிநாட்டு அனுபவம் என்பதைச் சுருக்கி அதற்கு 'ஓ ஈ' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். நாங்களும் வெளிநாட்டு அனுபவம் பெற்றவர்கள்தான். எங்களுடையதை ஒருவரும் சுருக்கவில்லை.

இவருக்கு அது பெரிய தாக்கம். "கேட்டிட்டு ஓடிட்டான் பாரும்" என்று புல்லு வெட்டும்போதெல்லாம் சொல்லுவார். மகளிடம் கேளுங்கோ என்றால், "கேட்டவன் வரட்டும். பொம்பிளை வீட்டுக்காரர் நாங்கள் பின்னால திரியிறதோ?" என்பார். நான் ஃபோனில் சாடைமாடையாக, "ஜோஷ் எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்பேன். "குட்" என்பாள். ஆக்லண்டில் வளர்ந்த பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் குட். காய்ச்சலில் கிடந்தாலும் குட். கோயிலில் யாராவது, "மகளுக்கு ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்டால் நானும் குட் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

3

ஏதென்ஸில் பாஸ்போர்ட்டைப் பார்த்த உத்தியோகத்தர் இவரிடம், "ஹாலிடே?" என்று கேட்டார். இவர் வழக்கம்போலத் தலையை ஒரு பக்கம் சரித்தார். நான் வாயைத் திறக்க ஆயத்தமானேன். ஏனென்றால் இந்தத் தலைச்சரிப்பால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு முறை இலங்கைக்குப் போய்த் திரும்பும்போதும் ஆக்லண்ட் விமான நிலையத்தில், "பையை நீங்களே அடுக்கினீர்களா?" என்று கேட்பார்கள், இவர் தலையைச் சரிப்பார், "சேர், அது யெஸ்ஸா நோவா?" என்பார்கள், பிறகு நான் கொண்டுவந்த பனங்கிழங்கு ஒடியல் மா முழுவதையும் மேசையில் பரப்பிவிடுவார்கள்.

ஏதென்ஸ் உத்தியோகத்தர் ஒன்றும் கேட்கவில்லை. தானும் தலையை அப்படியே ஒரு பக்கம் சரித்து, முத்திரையைக் குத்திக் கொடுத்தார். இவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். "இஞ்சேரும், இவங்களுக்கு விளங்குது" என்றார்.

எனக்கு அப்படி ஒரு யோகம் கிடைக்கவில்லை. ஏதென்ஸில் மகளைச் சந்தித்து, மூன்று பேருமாகக் கப்பலில் போய்த் தீவில் இறங்கிய மறுநாள் காலை, தேத்தண்ணிக்குப் பால் வாங்கப் போனேன். கடைக்காரியிடம், "மில்க்?" என்றேன். "நே" என்றாள். நோ என்கிறாள் ஆக்கும் என்று அடுத்த கடைக்குப் போனேன். அங்கேயும் நே. ஒரு தீவில் ஒரு சொட்டுப் பால் இல்லையா என்று திரும்பி வந்து மகளிடம் புறுபுறுத்தேன். இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய், அதே முதல் கடையிலிருந்து பாலோடு வந்தார். கிரேக்க மொழியில் 'நே' என்றால் ஆம். 'ஓஹி' என்றால் இல்லை. எங்கள் 'ஓம்' மாதிரித் தொடங்கினால் இல்லை என்று அர்த்தம், இங்கிலீஷ் 'நோ' மாதிரித் தொடங்கினால் ஆம் என்று அர்த்தம். இப்படி ஒரு மொழியை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறார்களோ.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"நீர் வாயைப் பார்க்கிறீர். நான் தலையைப் பார்த்தனான்."

மகள் எங்களோடு தனியாகத்தான் வந்திருந்தாள். ஜோஷுக்கு வேலையாம். கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்று, அதன் கீழ்ப்பாதி சட்டைக்குள். சாப்பிடும்போதும் ஃபோனைப் பார்த்தாள். நான் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் ஏதாவது ஒரு கோயிலையோ கோட்டையையோ காட்டினாள். கடைசியில் அவளே, "நாளைக்கு ஒரு பீச்சுக்குப் போவம். ஒருத்தரும் வராத இடம். அங்க ஆறுதலாக் கதைக்கலாம்" என்றாள். அன்றிரவு பையைப் பிரித்துப் பிரித்து அடுக்கினேன். கதைக்கிறதுக்கு ஆட்களில்லாத இடம் தேடுகிறாள் என்றால் நல்ல கதையாக இராது.

4

பஸ் பாதை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு கல்லும் முள்ளுச்செடியும் ஆடுகளுமாக ஒரு ஒற்றையடிப் பாதை. மகள் ஒரு துவாயும் ஒரு புத்தகமும் கொண்டுவந்தாள். நாங்கள் பாய், ஃபிளாஸ்க், பாண், அதற்குள் வைக்க மாசிக் கருவாட்டுச் சம்பல், மழைக்குடை, மாற்றுடுப்பு, இவருடைய பிரஷர் குளிசை எல்லாம் கொண்டுபோனோம். ஆக்லண்டில் எங்கள் ஆட்கள் கடற்கரைக்குப் போகிறதென்றால் ரைஸ் குக்கரும் வரும். நான் அதை விட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பதை மகள் மதிக்கவில்லை.

ஒரு மேடு ஏறி இறங்கினால் கடல். அரைவட்டமாக ஒரு சின்னக் குடா, அரிசிமா மாதிரி மணல். ஆக்லண்டின் மேற்குக் கரையில் மணல் கரிக்கறுப்பு, வெயிலில் காலை வைக்க ஏலாது. இது வெள்ளை. ஆனால் இதிலும் வைக்க ஏலாது, அது வேறு கதை. ஒரு கிழவனும் கிழவியும் தூரத்தில் படுத்திருந்தார்கள். கரையோரம் எங்களூர்ச் சவுக்கு மாதிரி நாலைந்து மரம். மரத்தடியில் நாணல் வேய்ந்த ஒரு கொட்டில், அதற்குள் மீசைக்காரர் ஒருவர் கோப்பியும் தண்ணீரும் விற்றுக்கொண்டிருந்தார்.

நான் பருத்தித்துறையில் பிறந்தவள். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் எனக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து கரையில் முள்ளுக்கம்பி இருந்தது, இராணுவத்தின் காவல் சென்றி இருந்தது. மீன் பிடிக்கிறவர்களே பாஸ் காட்டித்தான் கடலுக்கு இறங்கினார்கள். சும்மா மணலில் போய் உட்காருவது என்று ஒரு காரியம் இருப்பதே ஆக்லண்டுக்கு வந்தபிறகுதான் தெரியும். இன்றைக்கும் எனக்கு அது சரியாக வராது. உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் எதையாவது உதறி மடிக்கத் தொடங்கிவிடுவேன்.

அன்றைக்கும் பாயை மூன்று தரம் இடம் மாற்றி விரித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மழைக்குடைக்குள் நாங்கள் மூன்று பேரும் அடங்கவில்லை. மகள் எழும்பிப்போய் மீசைக்காரரிடம் பெரிய குடை வாடகைக்கு இருக்கிறதா என்று கேட்டாள். நாங்களும் பின்னால் போனோம்.

மீசைக்காரர் புருவத்தை உயர்த்தி, தலையை லேசாகப் பின்னால் எறிந்து, நாக்கை மேல்வாய்ப் பல்லில் ஒட்டி எடுத்தார். ட்ச்.

இந்தச் சத்தத்துக்குத் தமிழில் எழுத்தில்லை. 'ட்ச்' என்று நான் எழுதுவதும் பிழைதான். ஆனால் வாசிக்கிற உங்களுக்கு விளங்கும். சோறு இன்னும் போடட்டோ என்று கேட்டால், பஸ் வந்துட்டுதோ என்று கேட்டால், வாயைத் திறக்க அலுப்புப்பட்டு நாங்கள் சொல்வோமே, அதே ட்ச்.

மகளின் முகம் சிவந்தது. "என்ன மனுசன் இவர்! ஒரு குடை கேட்டதுக்கு இப்பிடியா?"

"இல்லையாம்" என்றார் இவர் சாதாரணமாக.

"அவர் இல்லையென்று சொல்லவில்லை அப்பா. என்னைப் பார்த்து 'டட்' பண்ணினார்."

"டட்டும் இல்லை கிட்டும் இல்லை. குடை இல்லை, அவ்வளவுதான். மரியாதையாத்தான் சொன்னவர்." இவர் மீசைக்காரரைப் பார்த்து, "கோப்பி?" என்றார். அவர் தலையைச் சரித்து, "நே" என்றார். இவரும் தலையைச் சரித்து மூன்று விரலைக் காட்டினார். இத்தனை வருடத்தில் வெளிநாட்டில் இவர் இவ்வளவு சுகமாக ஒரு அலுவல் பார்த்து நான் கண்டதில்லை.

மகள் இவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

5

பாயில் வந்து உட்கார்ந்ததும் அவள் புத்தகத்தைத் தள்ளிவைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, அன்றைக்கு கராஜில் ஜோஷ் உங்களிடம் என்ன கேட்டான்?"

இவர் என்னைப் பார்த்தார். இரண்டு வருடமாக இவர் வாயால் சொல்லாத பெயர். "டூ யூ மைண்ட் இஃப் ஐ மேரி ஏபி எண்டு கேட்டவன்" என்றார். ஏபி என்பது எங்கள் அபிராமிதான். அந்தப் பெயரில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நோ எண்டனான். மைண்ட் பண்ணுறீங்களோ எண்டால், நோ எண்டுதானே சொல்லவேணும்? இங்கிலீஷ் சரிதானே?"

"வாயால் சொன்னீர்களா?"

"வாயில ஆணி எல்லோ கிடந்தது."

"அப்ப எப்படிச் சொன்னீர்கள்? செய்து காட்டுங்கள்."

இவர் புருவத்தை உயர்த்தினார், தலையைப் பின்னால் எறிந்தார். ட்ச்.

எங்களை நோக்கி மூன்று கோப்பியோடு வந்துகொண்டிருந்த மீசைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாமாக்கும் என்று தட்டோடு திரும்பிப் போய்விட்டார்.

நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொடியன் அன்றைக்கு அவளிடம் வந்து சொன்னது இதுதான்: உன் அப்பா என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, மேலே கூரையைப் பார்த்து 'டட்' என்றார். இங்கிலீஷ்காரர்களுக்கு அது சீ, போ என்கிற சத்தம். வாத்திமார் குழப்படிப் பிள்ளைகளைப் பார்த்துப் போடுவது. அவள் பிறந்த நாளிலிருந்து அப்பாவின் ட்ச்சைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் பொடியன் சொன்னது இங்கிலீஷில். இங்கிலீஷில் கேட்டபோது அது எங்கள் வீட்டுச் சத்தம் என்று அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. அப்பா வெறுத்துவிட்டார், அம்மாவும் அதற்கு உடந்தை என்று நினைத்துக்கொண்டு லண்டனுக்குப் போயிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை என்னட்டக் கேட்டிருக்கலாமே பிள்ளை!" என்றேன்.

"நீங்களும் கேட்கவில்லையே அம்மா."

நான் பாயில் ஏறின மணலை உதறத் தொடங்கினேன்.

பிறகு அவள் சங்கிலியைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். அதில் ஒரு மோதிரம். "இதைச் சொல்லத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். நாங்கள் கட்டிவிட்டோம். போன வருடம். ரெஜிஸ்டர் ஒஃபிஸில்."

"ஆர் வந்தது?" என்றார் இவர்.

"ஒருவரும் இல்லை. சாட்சிக்கு என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர்."

"என்ன உடுத்தனீ?" என்றேன் நான். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா? ஆனால் அதுதான் வாயில் வந்தது. ஒரு நீலச் சட்டையாம், முந்தி வாங்கினதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்கு இருப்பது ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளைக்கு நான் கூறை எடுத்துக் கொடுக்கவில்லை, தலை வாரிப் பூ வைக்கவில்லை. வேலைத்தலத்து ஆட்கள் இரண்டு பேர் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இவரில் கோபம், பொடியனில் கோபம், அந்த ஆணியில்கூடக் கோபம். பிழை செய்த ஒருவரைப் பிடித்துப் பேசலாம் என்றால், பிழை செய்த ஒருவரும் இல்லை.

இவர் மணலை அள்ளுவதும் விடுவதுமாக இருந்தார். "என்ன சாப்பாடு?" என்றார்.

"பீட்சா."

"நான் ஓம் எண்டு சொன்னனான் பிள்ளை" என்றார். குரல் உடைந்துவிட்டது. "ஓம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

இவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தரம். சென்றியில் அடி வாங்கிக்கொண்டு வந்த நாளிலும் அழாத மனுசன். அந்தக் காலத்தில் எந்த மொழியில் வாயைத் திறந்தாலும் ஆபத்து என்றிருந்ததால்தான் இவர் வாயை மூடிக்கொண்டே ஓமும் இல்லையும் சொல்லப் பழகினார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் இவருடைய தகப்பனும் ட்ச்தான், சித்தப்பாவும் ட்ச்தான். சண்டை இல்லாவிட்டாலும் இவர் இப்படித்தான் இருந்திருப்பார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அவன் இப்ப?" என்றார்.

மகள் தயங்கினாள். "இங்கேதான். துறைமுகத்தில் ஒரு அறையில் இருக்கிறான். எங்களோடு அதே கப்பலில்தான் வந்தவன், கீழ்த்தட்டில் ஒளிந்துகொண்டு. நீங்கள் கோபித்தால் அப்படியே திரும்பிப் போவதாகப் பேச்சு."

"சாப்பிட்டவனோ?"

"தெரியாது அப்பா."

"தெரியாதோ? கட்டின புருசன் சாப்பிட்டவனோ எண்டு தெரியாதோ? வரச்சொல்லு."

6

மேட்டில் ஏறினால்தான் ஃபோன் வேலை செய்யும். மகள் ஏறிப்போனாள். அடுத்த பஸ்ஸில் ஜோஷ் வந்தான். வெயில் பட்டு அவித்த இறால் நிறம், தோளில் பை. ஒற்றையடிப் பாதை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தான். எங்கள் பாய் விரித்திருக்கிற இடம் எங்கள் வீடு என்று நினைத்தானோ என்னவோ. மணல் சுட்டது. பொடியன் துள்ளித் துள்ளி வந்தான். பாண்துண்டில் மாசிச் சம்பல் வைத்து மடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே எழும்பிவிட்டேன்.

மகள் ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அதனால் மன்னிப்புக் கேட்பதற்கு ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. அவன் கை நீட்டினான். இவர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை. இந்த முறை வாயால் சொல்லவேண்டும் என்று தீர்மானித்துவிட்டார் என்பது தெரிந்தது. சரக்குக் கொட்டகையில் மேலதிகாரியோடு கதைக்கும் இங்கிலீஷை எடுத்தார்.

"ஜோஷ். டூ யூ மைண்ட்," என்று நிறுத்தினார். "டூ யூ மைண்ட், இஃப் வீ டூ இட் அகெய்ன்? இன் ஆக்லண்ட்? ப்ரொப்பர்லி. வித் ரைஸ்."

பொடியனின் கண் நிறைந்துவிட்டது. "நா," என்றான். பிறகு, "யா. நா, யா. நா, ஆல் குட்."

நியூசிலாந்தில் பிறந்தவர்கள் மனம் நிறைந்து கதைக்கும்போது இப்படித்தான் கதைப்பார்கள். இல்லையையும் ஓமையும் ஒரு சட்டியில் போட்டுக் கிண்டுவார்கள். எது கடைசியில் வருகிறதோ அதுதான் பதில் என்று சிலர் சொல்லுவார்கள். இவன் கடைசியில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டான்.

இவர் பிடித்த கையை விடாமலே என் பக்கம் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. "என்னவாம்? ஓமாமோ, இல்லையாமோ?"

எனக்கும் விளங்கவில்லை. இத்தனை வருடம் அந்த ஊரில் இருந்திருக்கிறேன், இந்த ஒரு பதிலை என்னால் இவருக்குச் சொல்ல முடியவில்லை. ஜோஷ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான், திரும்பவும் எதையோ பிழையாகச் செய்துவிட்டேனோ என்கிற மாதிரி.

மகள் வந்து இவருடைய தோளில் கையை வைத்தாள்.

"ஓம் எண்டுறார், அப்பா" என்றாள்.

தமிழில் சொன்னாள். நான் மாற்றி எழுதவில்லை, அவள் சொன்னதே அதுதான். எண்டுறான் என்றுகூடச் சொல்லவில்லை. எண்டுறார் என்றாள், நான் இவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பாண்துண்டைக் கையில் பிடித்தபடி நான் அழத் தொடங்கினேன்.